ஒரு பாடலை மூன்று துறைகளில் தேடுவது: நூலகத் தரவுத்தளங்களுக்குள் ஒரு வழித்தடம்

ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஷூபர்ட்டின் 'எர்ல்கோனிக்' பாடலைப் பற்றிய ஆய்வுகள் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கவிதை ஜெர்மன் கவிஞர் கதே 1782-இல் எழுதியது. ஷூபர்ட் 1815-இல் இசையமைத்தார். அவருடைய நண்பர் மோரிட்ஸ் ஃபான் ஷ்விண்ட் அதை ஓவியமாகவும் தீட்டினார். இசை, இலக்கியம், ஓவியம் மூன்றும் கலந்த இப்படியொரு தலைப்புக்கு நூலக முகப்பிலுள்ள பெரிய தேடல் பெட்டி உதவாது. அது எல்லாவற்றையும் மேலோட்டமாகத் துழாவிக் குவியலாகக் கொட்டும். துறைக்கென்று அமைந்த தரவுத்தளங்களைத் தனித்தனியே திறப்பதுதான் வழி.

முதலில் இசைக் கலைக்களஞ்சியமான 'குரோவ் மியூசிக் ஆன்லைன்'. அதில் ஷூபர்ட் பற்றிய கட்டுரையைப் படிப்பதோடு அதன் கடைசியிலுள்ள படைப்புப் பட்டியலையும் பாருங்கள். ஷூபர்ட்டின் படைப்புகளுக்கு எண் கொடுக்கும் டாய்ச் அட்டவணையில் இந்தப் பாடல் டி 328. 1821-இல் அச்சேறியபோது பெற்ற வெளியீட்டு எண் ஓபஸ் 1. இந்த எண்கள் கையில் இல்லாவிட்டால், இதே கவிதைக்குக் கார்ல் லோவ அமைத்த பாடலும் முடிவுகளில் வந்து கலந்துவிடும். தலைப்பின் எழுத்து வடிவங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். ஜெர்மன் தலைப்பில் ஓ-வின் மேல் இரட்டைப் புள்ளி உண்டு; சிலர் அதை ஓ, ஈ என்று இரண்டு எழுத்தாக்குவார்கள்; ஆங்கிலத்தில் 'எர்ல்கிங்' என்று சேர்த்தும், நடுவே சிறுகோடு போட்டும் எழுதுவார்கள். எல்லா வடிவங்களையும் அடைப்புக்குறிக்குள் 'ஆர்' (அல்லது) போட்டு இணைத்து, வெளியே 'ஆண்ட்' (மற்றும்) போட்டு ஷூபர்ட் பெயரைச் சேர்க்க வேண்டும். அடைப்புக்குறியை விட்டுவிட்டால் பல தளங்கள் 'ஆண்ட்'-ஐ முதலில் கணக்கிட்டு, ஷூபர்ட்டை ஒரே ஒரு வடிவத்தோடு மட்டும் இணைத்துவிடும்.

அடுத்து வரும் மூன்று பெயர்கள் ஒன்றுபோலவே ஒலிப்பதால் பலர் தடுமாறும் இடம் இதுதான். ரில்ம் என்பது இசையைப் பற்றி எழுதப்பட்டவற்றின் அட்டவணை, 1966-இல் தொடங்கப்பட்டது. ரிஸ்ம் 1952-இல் தொடங்கியது. அது இசை மூலங்களுக்கானது, அதாவது கையெழுத்துப் பிரதிகளும் பழைய அச்சுப் பிரதிகளும் எந்த நூலகத்தில் இருக்கின்றன என்று சொல்லும். ரிப்ம் பழைய இசை இதழ்களுக்கானது. 1760 முதல் 1966 வரை. பாடலின் கையெழுத்துப் பிரதியை ரில்மில் தேடினால் அதைப் பற்றிய கட்டுரைதான் கிடைக்கும், பிரதி கிடைக்காது.

ரில்மில் வேற்றுமொழிக் கட்டுரைகளின் தலைப்புக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் இருப்பதால், ஆங்கிலச் சொல்லால் தேடினாலும் அவை சிக்கும். ஆகவே மொழி வடிகட்டியைத் தொடக்கத்திலேயே போடாதீர்கள். ரிஸ்ம் அட்டவணை இணையத்தில் இலவசம். ஒரு மெட்டின் முதல் சில சுரங்களை உள்ளிட்டும் தேடலாம். பெயரில்லாத பிரதியை அடையாளம் காண இதைவிட நல்ல வழியை நான் பார்த்ததில்லை. பதிவில் 'டி-பி' என்று இருந்தால் அது பெர்லின் அரசு நூலகத்தின் குறியீடு. இந்த 'டி' ஜெர்மனியைக் குறிக்கிறது. டாய்ச் எண்ணோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

இலக்கியத்துக்கு, அமெரிக்காவின் நவீன மொழிச் சங்கம் வெளியிடும் எம்எல்ஏ பன்னாட்டு நூற்பட்டியல். இங்கே 'ஆசிரியர்' புலத்தில் கதே என்று தட்டுவது வீண். அது ஆய்வுக் கட்டுரையை எழுதியவருக்கான இடம். யாரைப் பற்றிய ஆய்வு என்பதற்கு 'பொருளாக அமைந்த ஆசிரியர்' என்ற தனிப் புலம் இருக்கிறது, படைப்புக்கும் அப்படியே ஒன்று. நூல் மதிப்புரைகள் இந்தப் பட்டியலில் சேராது; அவற்றை இங்கே தேடி நேரம் போக்க வேண்டாம்.

ஓவியத்துக்கு, அமெரிக்கக் கலை நிறுவனமான கெட்டியின் கலைஞர் பெயர்ப் பட்டியலில் தொடங்குங்கள். ஷ்விண்ட் என்ற குடும்பப் பெயர்தான் முன்னால் வரும், 'ஃபான்' கடைசிக்குப் போகும். கெட்டி 2010-இல் இலவசமாகத் திறந்துவிட்ட கலை வரலாற்று நூற்பட்டியல் 1975 முதல் 2007 வரையிலான எழுத்துகளைக் கொண்டது. அதற்குப் பிந்தைய கட்டுரைகள் அதில் வரவில்லையே என்று தேடல் சொல்லை மாற்றி மாற்றிப் போடுவதில் பயனில்லை. படங்களுக்கான ஆர்ட்ஸ்டோர் இப்போது, ஆய்விதழ்களின் இணையக் காப்பகமான ஜேஸ்டோருக்குள்ளேயே இருக்கிறது.

தளம் மாறும்போது கட்டளையும் மாறும். இரண்டு சொற்கள் ஐந்து சொல் இடைவெளிக்குள் வர வேண்டுமானால் தரவுத்தளங்களை வழங்கும் எப்ஸ்கோ தளத்தில் 'என்5'. அதுபோன்ற இன்னொரு தளமான புரோகுவெஸ்டில் 'நியர்/5', சாய்கோடு கட்டாயம். ஒன்றில் எழுதியதை அப்படியே இன்னொன்றில் ஒட்டினால் அதைச் சாதாரணச் சொல்லாக எண்ணிப் பூஜ்யம் காட்டும்.

எல்லாவற்றையும்விடக் கெடுதல் செய்வது 'முழுப் பாடம் மட்டும்' (முழுக் கட்டுரையும் அங்கேயே கிடைப்பவை மட்டும்) என்ற கட்டத்தில் டிக் போடுவது. இவை பெரும்பாலும் பட்டியல்கள். கட்டுரை இருக்கிறது என்று சொல்வது அவற்றின் வேலை, கையில் கொடுப்பது வேறு தளத்தின் வேலை. டிக் போட்டால் நல்ல கட்டுரைகளே மறைந்துபோகும். கட்டுரையைத் திறக்கும் பொத்தான் 'இல்லை' என்றாலும் நம்பிவிடாதீர்கள். இதழின் தொகுதி எண்ணோ ஆண்டோ பதிவில் பிசகியிருந்தாலே அது தோற்கும். கட்டுரைத் தலைப்பை விட்டு, இதழின் பெயரை நூலக அட்டவணையில் தேடிப் பாருங்கள். ஜேஸ்டோரில் பல இதழ்களின் கடைசி மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் இருக்காது. அவற்றுக்குப் பதிப்பகத்தின் தளம். அங்கும் இல்லையென்றால் வேறு நூலகத்திலிருந்து கடனாக வரவழைக்கலாம். விண்ணப்பத்தில் இதழின் ஐஎஸ்எஸ்என் (இதழை அடையாளம் காட்டும் பன்னாட்டு எண்), தொகுதி, ஆண்டு, பக்க எண் நான்கையும் கொடுங்கள்.

உலாவியின் முகவரிப் பட்டையிலுள்ள இணைப்பைச் சேமித்தால் மறுநாள் திறக்காமல் போகலாம்; பதிவுக்குள் இருக்கும் 'நிலையான இணைப்பு' பொத்தானைத்தான் பயன்படுத்த வேண்டும். பதிவுகளை நூல் விவரங்களுக்கான ஆர்ஐஎஸ் கோப்பாக இறக்கி, மேற்கோள்களைச் சேமித்து வைக்கும் ஸோட்டரோ என்ற மென்பொருளில் சேர்த்தபின், ஷ்விண்டின் 'ஃபான்' சரியான இடத்தில் இருக்கிறதா, ஓ-வின் புள்ளிகள் உதிராமல் வந்தனவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.