மேலிடத்துக்குப் போய்ச் சேராத வரி

படிவங்களையும் கணக்கேடுகளையும் ரசீதுப் புத்தகங்களையும் அச்சிட்டுப் பெரிய அலுவலகங்களுக்கு வழங்கும் ஒரு நிறுவனத்தின் திட்டப் பிரிவில் நான் பல ஆண்டுகள் பணியாற்றினேன். கிளைகளிலிருந்து வரும் விற்பனைக் குறிப்புகளைத் தொகுத்து, மாதந்தோறும் இயக்குநர் குழுவுக்கு எட்டுப் பக்க அறிக்கையாகக் கொடுப்பது என் வேலை. உலகில் மாற்றத்தை உந்துவது எது, தலைவர்கள் அதை எப்படி எதிர்கொள்கிறார்கள் என்று யாராவது பேசத் தொடங்கினால், எனக்கு முதலில் நினைவுக்கு வருபவை அந்த எட்டுப் பக்கங்கள்தாம்.

ஒரு மாதம், விற்பனைப் பிரதிநிதி ஒருவர் தம் குறிப்பின் அடியில் இப்படி எழுதியிருந்தார்: "இனி ரசீதுகளைக் கணினியிலிருந்தே மின்னஞ்சலில் அனுப்பப் போகிறார்களாம். ஆர்டர் குறையும் என்று சொல்லவில்லை, நின்றுவிடும் என்றே சொல்கிறார்கள்." படித்தபோது எனக்கு அது மிகையாகத் தோன்றியது. "சில வாடிக்கையாளர்கள் கொள்முதலை ஒத்திவைத்துள்ளனர்" என்று மாற்றினேன். என் மேலாளர் "சில" என்பதை "ஓரிரு" ஆக்கினார். அவருக்கு மேலிருந்த பொது மேலாளர் அந்த வரியைப் "பருவகால மந்தம்" என்ற தலைப்பின் கீழ் நகர்த்தினார். மூவரில் எவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் இயக்குநர்களின் மேசைக்குப் போன தாளில் அந்தப் பிரதிநிதி கேட்டுவந்த செய்தி இல்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து, ஒரு அச்சுப் பிரிவையே மூட வேண்டிய நிலை வந்தபோது, நிர்வாக இயக்குநர் கூட்டத்தில் கேட்டார்: "இதை ஏன் ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை?" நான் தலையைக் குனிந்துகொண்டேன். இருந்தாலும், அந்தக் கேள்விக்குப் பாதி விடை அவரிடமே இருந்தது என்று இன்றும் நினைக்கிறேன். சிக்கலைச் சொல்ல வருபவரிடம் அவர் எப்போதும் "சரி, உங்கள் தீர்வு என்ன?" என்று கேட்பார். அது நல்ல நிர்வாகப் பழக்கம் என்று எங்களுக்குப் பயிற்சி வகுப்பிலேயே சொல்லியிருந்தார்கள். நடைமுறையில், தீர்வு கையில் இல்லாதவர்கள் சிக்கலையும் தம்மோடு வைத்துக்கொண்டார்கள். பெரிய மாற்றங்களுக்கோ தொடக்கத்தில் யாரிடமும் தீர்வு இருப்பதில்லை.

புகைப்பட பிலிம் விற்றுப் பெரிதான கோடாக் நிறுவனத்தின் கதையை அறியாமையின் கதையாகவே பலரும் சொல்கிறார்கள். 1975இல் டிஜிட்டல் கேமராவை அதன் ஆய்வுக்கூடத்திலேயே ஸ்டீவன் சாசன் என்ற இளம் பொறியாளர் உருவாக்கினார், 0.01 மெகாபிக்சல் படம் ஒன்றை ஒலிநாடாவில் பதிய அதற்கு 23 விநாடி பிடித்தது. ஆகவே செய்தி மேலே போகவில்லை என்று அங்கே சொல்ல முடியாது. போன செய்தி, பிலிம் தந்துகொண்டிருந்த லாபத்துக்கு எதிரே வைத்து எடைபோடப்பட்டது. அந்தத் தராசில் ஒரு பொம்மைப்பெட்டி எப்படி வெல்லும்? 2012 ஜனவரியில் நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரியது. அதே பிலிம் சந்தையை நம்பியிருந்த பியூஜிபிலிம், ஷிகெடாகா கொமோரியின் தலைமையில், தன்னிடம் உண்மையில் இருப்பது பிலிமா அல்லது பிலிம் செய்யக் கற்றுக்கொண்ட வேதியியலா என்று கணக்கெடுத்தது. எல்சிடி திரைகளுக்கான மென்படலங்களும், 2007இல் சருமப் பராமரிப்புப் பொருட்களும் அந்தக் கணக்கெடுப்பின் வழியே வந்தன. ஆயிரக்கணக்கான பணியிடங்கள் பறிபோனதும் அதே காலத்தில்தான். வெற்றிக்கதையாகச் சொல்பவர்கள் இதை விரைவாகக் கடந்துவிடுகிறார்கள்.

மாற்றம் எங்கிருந்து புறப்படுகிறது என்று கேட்டால் கப்பல் துறையைத்தான் காட்டுவேன். கப்பல் நிறுவனங்கள் கப்பலின் வேகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, பெருஞ்செலவு துறைமுகத்தில் மூட்டை மூட்டையாக ஏற்றி இறக்குவதில் கரைந்துகொண்டிருந்தது. அதைக் கண்டவர் லாரித் தொழிலிலிருந்து வந்த மால்கம் மெக்லீன். 1956 ஏப்ரல் 26 அன்று அவருடைய 'ஐடியல் எக்ஸ்' கப்பல், சரக்கு அடைத்த 58 பெரிய பெட்டிகளுடன் (கன்டெய்னர்கள்) நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. உதிரிச் சரக்கை ஏற்ற டன்னுக்கு ஏறத்தாழ ஆறு டாலர் ஆன காலத்தில், பெட்டிகளில் ஏற்ற 16 சென்ட்தான் ஆனது. பெட்டி என்பது பெரிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. ஏற்றுகூலியைத் தன் கையிலிருந்து கொடுத்தவனுக்கு வலித்த இடம் அது. கப்பல் முதலாளிகளின் அறிக்கையில் அதற்குத் தனிப் பத்தி இருந்திருக்குமா என்பது என் சந்தேகம்.

எங்கள் நிறுவனத்துக்குப் பின்னர் வந்த இயக்குநர் மாற்றத்தை மிகவும் விரும்பினார். அதில் வேறொரு வகைச் சிக்கல் இருந்தது. ஆர்டர்களைப் பதிவுசெய்ய விலையுயர்ந்த மென்பொருள் வந்தது. நாங்கள் அதில் பதிந்ததை அச்செடுத்து, மூன்று பேரிடம் கையெழுத்து வாங்கி, ஸ்கேன் செய்து மீண்டும் அதிலேயே ஏற்றினோம். முன்பு இரண்டு நாளில் முடிந்த வேலை மூன்று நாளானது. மின்சாரம் தொழிற்சாலைகளுக்குள் நுழைந்தபோதும் இப்படித்தான் நடந்திருக்கிறது. பலர் நீராவி இயந்திரத்தை எடுத்துவிட்டு அதே இடத்தில் ஒரு பெரிய மோட்டாரை வைத்து, கூரையடியில் ஓடி எல்லா எந்திரங்களுக்கும் விசையைக் கடத்திய பழைய சுழல்தண்டையும் பெல்ட்டுகளையும் அப்படியே விட்டார்கள். ஒவ்வோர் எந்திரத்துக்கும் தனி மோட்டார் பொருத்தி, வேலையின் ஓட்டத்துக்கேற்பத் தளத்தையே மாற்றியடுக்கிய பிறகுதான், 1920களில், அமெரிக்க ஆலைகளின் உற்பத்தித்திறன் தாவி உயர்ந்தது. எங்கள் மூன்று கையெழுத்துகள் அந்தச் சுழல்தண்டுதான். அவற்றில் ஒன்று என்னுடையது என்பதால், அதை நீக்கச் சொல்லி நான் ஒருபோதும் பரிந்துரைக்கவில்லை.

1985இல் கணினிச் சில்லுகள் செய்யும் இன்டெல் நிறுவனத்தில் ஆன்டி குரோவ் தம் தலைவர் கார்டன் மூரிடம் கேட்ட கேள்வியை நான் பிற்பாடுதான் அறிந்தேன்: நம்மை வெளியேற்றிவிட்டுப் புதிதாக ஒருவரைக் கொண்டுவந்தால் அவர் என்ன செய்வார்? நினைவகச் சில்லுத் தொழிலை விட்டுவிடுவார் என்பது மூரின் பதில். நிறுவனம் பிறந்ததே அந்தச் சில்லுகளுக்காகத்தான். ஜப்பானியப் போட்டியில் அவை நட்டம் தந்துகொண்டிருந்தன. அவர்கள் அந்தத் தொழிலிலிருந்து வெளியேறினார்கள். என் நாற்காலியை வைத்து அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்த்தபோது, புதிதாக வருபவர் முதலில் நீக்குவது என் கையெழுத்தையும் என் சுருக்கத்தையும்தான் என்பது தெரிந்தது.

பணியின் கடைசி ஆண்டுகளில், பிரதிநிதிகளின் குறிப்புகளை ஒரு சொல்லும் மாற்றாமல் பின்னிணைப்பாகச் சேர்த்து அனுப்பத் தொடங்கினேன். அறிக்கை நீளமாகிவிட்டது என்று இருமுறை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் முறை திரும்பி வரவில்லை. அடுத்த வாரம் இயக்குநரின் அறையிலிருந்து அழைப்பு வந்தது; பின்னிணைப்பின் நான்காம் பக்கத்தில் பென்சிலால் கோடிட்டு, அதை எழுதிய பிரதிநிதியின் தொலைபேசி எண்ணை என்னிடம் கேட்டார்.