நிறுவனத்தின் பெயரை மாற்றும்போது

எங்கள் குடும்பத்தின் பிரைவேட் லிமிடெட் நிறுவனத்துக்குப் பெயர் மாற்ற முடிவானதும், கம்பெனிகள் பதிவாளரின் புதிய சான்றிதழ் கைக்கு வரும்வரை பெயர்ப்பலகைக்கு ஆர்டர் கொடுக்க வேண்டாம் என்று அண்ணனிடம் வற்புறுத்திச் சொன்னேன். 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 13-ஆவது பிரிவின்படி, அந்தச் சான்றிதழ் வழங்கப்பட்ட பிறகே பெயர் மாற்றம் செல்லுபடியாகும். அதற்குமுன் புதிய பெயருக்கு ஒதுக்கீடு பெற்று, பங்குதாரர்களின் கூட்டத்தில் எதிர்ப்பு வாக்குகளைப் போல மூன்று மடங்குக்குக் குறையாத ஆதரவுடன் சிறப்புத் தீர்மானம் நிறைவேற்றி, அதை 30 நாட்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். ஆண்டுக் கணக்குகளைத் தாக்கல் செய்யாமல் நிலுவை வைத்திருக்கும் நிறுவனத்துக்குப் பெயர் மாற்ற அனுமதியே கிடையாது.

பலரும் கவனிக்கத் தவறும் விதி ஒன்று உண்டு. பெயர் மாறிய பின் இரண்டு ஆண்டுகளுக்குப் பெயர்ப்பலகையிலும் லெட்டர்பேடிலும் பில்லிலும் பழைய பெயரையும் சேர்த்தே காட்ட வேண்டும். எங்கள் பலகையில் புதிய பெயருக்குக் கீழே, அடைப்புக்குறிக்குள், பழைய பெயரையும் எழுதச் சொன்னோம். இதை வீண் தொல்லையாக நான் கருதவில்லை. பழைய பெயரில் ரசீது வைத்திருக்கும் வாடிக்கையாளருக்கு இது நியாயமான பாதுகாப்பு. பெயர் மாறினாலும் நிறுவனத்தின் கடன்களும் ஒப்பந்தங்களும் வழக்குகளும் அப்படியே தொடரும். ஜிஎஸ்டி பதிவில் சட்டப்படியான பெயர் பான் விவரத்திலிருந்தே எடுக்கப்படுவதால், முதலில் பான் அட்டையில் பெயரைத் திருத்திக்கொள்வதே முறை.