சின்னப் பிள்ளைகள் சீட்டு

அந்த அம்மாள் என் கையில் கொடுத்த தாளில் ஒரு வாத்து, ஒரு சிவப்புத் தபால்பெட்டி, ஒரு பூனை எல்லாம் படமாகப் போட்டிருந்தது. எதைப் பார்க்கிறோமோ அதற்கு டிக் அடிக்க வேண்டும். ஏழு வயதுக்குள் இருக்கிற பிள்ளைகளுக்கான தாள் அது. எனக்கு அப்போது வயது 38, கையில் நர்சிங் பட்டம், பதினைந்து வருட சர்வீஸ்.

இங்கிலாந்துக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. எக்ஸெட்டருக்கு வெளியே ஒரு சின்ன ஊர். ஊர்ப் பொதுக் கூடத்தின் கூரையைச் சரிசெய்யப் பணம் சேர்க்கிறோம், புதையல் வேட்டை நடத்துகிறோம், குடும்பத்தோடு வாருங்கள் என்று வாசல் கதவில் துண்டுச்சீட்டு செருகியிருந்தார்கள். போனோம். என் மகனை ஒரு குழு இழுத்துக்கொண்டது, வீட்டுக்காரரை இன்னொரு குழு. பெரியவர்கள் தாளை வாங்கிப் பார்த்தேன். முதல் குறிப்பு ஏதோ தாலாட்டுப் பாட்டில் வருகிற ஆள். இரண்டாவது, இருபது வருடத்துக்கு முன்னால் மூடிப்போன ஒரு கடையின் பெயர். நான் முழிப்பதைப் பார்த்து அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே தாளை மாற்றிக் கொடுத்தார். "இது உங்களுக்குச் சுலபமாக இருக்கும்." மனதில் துளிக்கூடக் கெட்ட எண்ணம் இல்லை. அதுதான் கூடுதலாகச் சுட்டது.

வாத்து இருந்தது. டிக் அடித்தேன்.

எழுபது வயதுக்காரரைப் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்பார்கள் இங்கே. எனக்கு இன்னும் நாக்கு திரும்பவில்லை. அதனால் தாள் கொடுத்த அந்த அம்மாளுக்கு மனதுக்குள் ஆச்சி என்று பெயர் வைத்துக்கொண்டேன். இனி ஆச்சி என்றால் அவர்தான்.

விடுகதையில் நான் தோற்றேன் என்று எங்கள் ஊரில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஊர் செட்டிநாட்டில், கானாடுகாத்தானுக்குப் பக்கம். அப்பா ஒரு பெரிய வீட்டுக்குக் காவல். வீட்டுக்காரர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருந்தார்கள், கல்யாணம் காட்சி என்றால்தான் முகப்புக் கதவு திறக்கும். மற்ற நாளில் அந்த வளவும் (தூண் வைத்த உள்முற்றம்) அதற்குப் பின்னால் இரண்டாங்கட்டும் எங்களுடையது மாதிரி, ஆனால் எங்களுடையது இல்லை. முன்வாசலில் நின்றால் கதவு கதவாகத் தாண்டிப் பின்தெரு வெளிச்சம் தெரியும், அவ்வளவு நீளம். அப்பா வெளியே போனால் பக்கத்துக் கதவுச் சாவியை எங்கேயாவது வைத்துவிட்டுப் போவார். எங்கே என்று நேராகச் சொல்லமாட்டார், நாலு பேர் காதில் விழுந்துவிடுமாம். "தண்ணி குடிக்காத யானைகிட்ட இருக்குத்தா" என்பார். நிலைக்கு மேலே செதுக்கியிருக்கிற மரயானையின் தும்பிக்கை இடுக்கு அது. இன்னொரு நாள் "மழை பெஞ்சா மட்டும் வயிறு ரொம்புறவன்" என்பார். முற்றத்து மூலையில் இருக்கிற செப்புக் கிடாரம். எனக்கு எட்டு வயது. முன்னே பின்னே தெரிந்திருக்க வேண்டியது எதுவும் இல்லை, கண்ணைத் திறந்து சுற்றிப் பார்த்தால் போதும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஆச்சி நல்ல மனுஷி. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை டார்ட்மூர் கூட்டிப்போனார். மரமே இல்லாத மேடு, கருங்கல் குவியல், காது அறுந்துவிடுகிற மாதிரி காற்று. 1854-இல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, கிரான்மியர் பூல் என்ற எட்டாத சதுப்பு ஒன்றில் ஒரு பாட்டிலை வைத்து, அங்கே வரை நடந்து வந்தவர்கள் தங்கள் விசிட்டிங் கார்டை அதில் போடும்படி செய்தாராம். அதிலிருந்து வளர்ந்த விளையாட்டு இன்றைக்கும் நடக்கிறது. பாறைக்கு அடியில் டப்பாவை ஒளித்து வைக்கிறார்கள், உள்ளே ஒரு ரப்பர் ஸ்டாம்பும் நோட்டும். கண்டுபிடிக்கிறவர் அந்த ஸ்டாம்பைத் தன் நோட்டில் குத்திக்கொள்ளலாம், தன் ஸ்டாம்பை அந்த நோட்டில் குத்திவிட்டு வரலாம். ஆச்சியின் நோட்டில் நூறுக்கு மேல் இருந்தது. பரிசு கிடையாது, கைதட்டல் கிடையாது. டப்பாவை இருந்தபடியே மூடி வைத்துவிட்டு வர வேண்டும், அடுத்து வருகிறவருக்காக. இந்த ஒரு வழக்கத்துக்காகவே அந்த ஊர் எனக்குப் பிடித்துப்போனது.

அடுத்த வருடம் குறிப்பு எழுதும் வேலையை நானே கேட்டு வாங்கினேன். வீம்புதான், வேறென்ன. ஐந்து குழுவையும் தேவாலய வாசலில் இருந்து ஒன்றாகக் கிளப்பிவிட்டேன். 25 பேர் ஒரே சீட்டைச் சுற்றி முட்டி மோதினார்கள், அப்புறம் முன்னே போனவர்களைப் பார்த்துப் பின்னே போனார்கள், யோசித்தது ஒரு குழு மட்டும். அவர்களும் மூன்றாவது சீட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மற்ற நாலு குழுவும் அந்த வேலியை அரைமணி நேரம் துழாவியது. பாதியில் மழை வேறு. இங்க் பேனாவில் எழுதியிருந்தேன். எல்லாம் கரைந்து நீலமாக ஒழுகியது. இந்த நாட்டில் இரண்டு வருடம் இருந்துவிட்டு மழையை மறந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அடிபட்டுக் கற்றுக்கொண்டேன். குறிப்புகளை வட்டமாகக் கோத்து ஒவ்வொரு குழுவையும் ஒவ்வொரு இடத்தில் தொடங்க விட்டால் நெரிசல் இல்லை. சீட்டை எடுக்கவே கூடாது, அதில் இருக்கிற எழுத்தைக் குறித்துக்கொண்டு போக வேண்டும், எழுத்துகளைச் சேர்த்தால் ஒரு சொல். திணறுகிறவர்களுக்கு ஒட்டிய உறையில் ஒரு உதவிக் குறிப்பு, பிரித்தால் மதிப்பெண் குறையும். முந்தின நாளே ஊருக்குப் புதியவர் ஒருவரை அனுப்பி நடக்கவிட்டுப் பார்த்துவிட வேண்டும், எழுதினவருக்கு எல்லாமே சுலபம்தானே. முடிகிற இடத்தில் சாப்பாடு இருக்க வேண்டும், அதில் அவர்களும் நாமும் ஒரே ஜாதி. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இழுத்தால் பிள்ளைகள் அழும், பெரியவர்கள் பப்பைத் தேடுவார்கள்.

இப்போது எனக்கு இங்கே பழகிவிட்டது. டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டினால் விளக்கைப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கிறேன். சனிக்கிழமை வெள்ளைப் பணியாரம் ஊற்றுகிறேன். பச்சரிசியும் உளுந்தும் ஊறுகிற வாசனை வந்தால் மட்டும் இரண்டாங்கட்டுத் தரையின் குளிர்ச்சி உள்ளங்காலில் ஏறும், அப்படியே பத்து நிமிடம் போய்விடும்.

போன தையில் ஊருக்குப் போயிருந்தபோது பெரிய வீட்டில் கல்யாணம். சிங்கப்பூர், சென்னை, மதுரை என்று வந்த பிள்ளைகளும் ஊர்ப் பிள்ளைகளுமாக 23 பேர். ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டு பட்டாலையில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குக் கை அரித்தது. வீட்டுக்காரர்களிடம் கேட்டுக்கொண்டு நாலு குழு பிரித்தேன், ஒவ்வொன்றிலும் உள்ளூரும் வெளியூரும் கலந்து பிரித்திருக்க வேண்டும். சொந்தக்காரப் பிள்ளைகள் ஒன்றாக இருப்போம் என்று அடம்பிடிக்க, விட்டுவிட்டேன். ஆறு இடம், ஆறு எழுத்து: ஆ, த், த, ங், கு, டி. பரிசு ஓலைக் கொட்டான் நிறைய தேன்குழலும் மனகோலமும்.

குறிப்பெல்லாம் எனக்கே மெச்சிக்கொள்ளத் தோன்றியது. 'ஊரே குடிக்கும், ஒருத்தரும் கால் நனைக்கக் கூடாது.' ஊர்ப் பிள்ளைகள் படித்து முடிக்குமுன் ஊருணிக் கரையில் நின்றார்கள். சிங்கப்பூர்க் குழுவில் பதினொரு வயதுப் பெண் ஒருத்தி, தமிழைத் தடுக்காமல் படிக்கிறாள், மூன்று தரம் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். ஊருணி என்ற ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. ஐயோ பாவம் என்று, வாண்டுகளுக்காக வரைந்து வைத்திருந்த படத்தாள் ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினேன். "இதை வச்சுக்கம்மா, உனக்கு ஈஸியா இருக்கும்."

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பெண்ணின் முகம் போன போக்கு எனக்கு நன்றாகத் தெரிந்த முகம். தாளை நாலாக மடித்து என் கையிலேயே வைத்தாள். "வேணாம் ஆன்ட்டி. நாங்களே பாத்துக்கிறோம்."

அந்தக் குறிப்பை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனார்கள். 'கண்ணாடி மேலே பிறந்தேன், தண்ணிக்குள்ளே ஊறினேன், மிதிக்க மிதிக்க மின்னுகிறேன்.' தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல்தான். கண்ணாடித் தகட்டில் சாயத்தையும் சிமெண்டையும் ஊற்றி வார்த்து, தண்ணீர்த் தொட்டியில் போட்டு எடுக்கிறார்கள். சூளை கிடையாது, நடக்க நடக்கத்தான் மினுமினுப்பு ஏறும். ஊர்ப் பிள்ளைகள் நேரே மீன் கடைக்கு ஓடினார்கள், என்ன கணக்கோ. இந்தப் பெண் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவள் வளவில் நின்றாள். நடுவில் ஆள் நடக்கிற தடத்தில் காலை வைத்துத் தேய்த்தாள். அப்புறம் சுவரோரம் போய், யாரும் மிதிக்காத மூலையில் தேய்த்தாள். அங்கே சொரசொரப்பு, இங்கே வழவழப்பு. மறுபடி நடுவுக்கு வந்தாள். குனிந்து, தூண் அடியில் கிடந்த தடுக்கைத் தூக்கினாள். 'ங்' இருந்தது.

அவர்கள்தான் ஜெயித்தார்கள் என்று எழுத ஆசை. இல்லை, மூன்றாவதாக வந்தார்கள். ஆனால் கொட்டான் எல்லாக் குழுவுக்கும்தான் வைத்திருந்தேன்.

ஒரு எழுத்தை மட்டும் நாலு குழுவுமே கண்டுபிடிக்கவில்லை. மற்ற ஐந்தைச் சேர்த்ததுமே சொல் பிடிபட்டுவிட்டது, அதனால் யாரும் தேடவும் இல்லை. நானும் கல்யாண அமளியில் மறந்துவிட்டு விமானம் ஏறிவிட்டேன்.

போன வாரம் அப்பா போன் செய்தார். இங்கே நைட் டியூட்டி முடிந்து வந்து படுத்த நேரம்.

"என்னத்தா, யானைகிட்ட சாவி வைக்கப் போனா கையில ஒரு சீட்டு தட்டுப்படுது. 'கு'ன்னு எழுதியிருக்கு. ஏதும் மந்திரமா?"

"அது நான் வச்சதுப்பா. பிள்ளைக விளையாட்டுக்கு."

"எடுத்துப் போட்டுறவா?"

"இருக்கட்டும்ப்பா."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னால் முற்றத்தில் குருவிச் சத்தம் கேட்டது.

"சாவி சரியா உக்காரமாட்டேங்குதேத்தா" என்றார்.