அட்லஸுக்கு ஒரு மோட்டார்

ஜனவரி 5, 2025, ஞாயிறு

அப்பாவின் அட்லஸ் சைக்கிளில் மோட்டார் பூட்டும் கிட் வந்து சேர்ந்தது. 24 வோல்ட், 250 வாட் மோட்டார், கன்ட்ரோலர், ஆக்ஸிலேட்டர் பிடி, சாவி, கூடுதலாக ஒரு செயின், இரண்டு வரிசைப் பல் வைத்த ஃப்ரீவீல் (பின் சக்கரத்தில் செயின் ஏறும் பல் சக்கரம்).

காலையில் கோவை வடவள்ளியிலிருந்து ஆர்.எஸ்.புரத்துக்கு சைக்கிள் பாதி தூரம் தானாகவே உருண்டுவிடும். சாயங்காலம் திரும்பும்போதுதான் மேடு. ஆடிக் காற்றும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்.

சக்கரத்துக்குள்ளேயே இருக்கும் ஹப் மோட்டார் மீதுதான் முதலில் ஆசை. கிடைத்ததெல்லாம் 36 ஸ்போக் ஓட்டை. அப்பாவின் அட்லஸில் முன் ரிம்முக்கு 32, பின் ரிம்முக்கு 40. வேறு ரிம் போட்டால் கம்பி பிரேக் உட்காராது. ஆகவே செயின் மோட்டார்.

"இந்தக் காசுக்குப் பழைய டிவிஎஸ் 50 ஒண்ணு வாங்கியிருக்கலாம்" என்றார் அப்பா. தப்பில்லை.

ஜனவரி 8, புதன்

பழைய ஃப்ரீவீல் அசையவில்லை. சைக்கிள் கடை அண்ணன் ராத்திரி முழுக்க மண்ணெண்ணெயில் ஊறவைத்து, இன்று ஸ்பேனரில் பைப்பைச் செருகி ஓர் எம்பு எம்பினார். கழன்றது. புதியது அகலம் அதிகம். அச்சில் இரண்டு வாஷர் சேர்த்து, சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்துக் கொடுத்தார்.

ஜனவரி 11, சனி

வயரிங். பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை. எல்லா வயருக்கும் தனித்தனி வடிவத்தில் சாக்கெட். சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி ஆக்ஸிலேட்டரைத் திருகினேன். மோட்டார் உறுமுகிறது, செயின் ஓடுகிறது, சக்கரம் மட்டும் அசையாமல் நிற்கிறது. கிட்கிட்கிட் என்று ஒரு சத்தம்.

கால் மணி நேரம் முழித்த பிறகுதான் உறைத்தது: மோட்டார் பின்பக்கமாகச் சுற்றுகிறது, ஒரு பக்கம் மட்டுமே பிடிக்கும் ஃப்ரீவீல் அதைக் கண்டுகொள்ளவில்லை. பிரஷ் மோட்டார்தானே, வயரை மாற்றினால் திசையும் மாறும். இரண்டு வயரை மாற்றிச் செருகினேன். சக்கரம் பிய்த்துக்கொண்டு சுற்றியது.

ஜனவரி 12, ஞாயிறு

12 வோல்ட், 12 ஆம்பியர்-அவர் லெட்-ஆசிட் பேட்டரி இரண்டைக் கேரியரில் கட்டிக்கொண்டு மருதமலை அடிவாரம் நோக்கிக் கிளம்பினேன். சமதளத்தில் சுகம். மேடு ஆரம்பித்ததும் 'டணார்'. செயின் கழன்று ஸ்போக்குக்குள் போய்விட்டது. மோட்டாரைத் தாங்கும் இரும்புப் பட்டை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. உருட்டிக்கொண்டே வீடு வந்தேன். அப்பா எதுவும் கேட்கவில்லை, அதுதான் கொடுமை.

ஜனவரி 17, வெள்ளி

பொங்கல் முடிந்து இன்றுதான் லேத் பட்டறை திறந்தது. பட்டறை அண்ணன் பட்டையை விரலால் சுண்டிப் பார்த்தார்.

"மோட்டாரு செயின இழுக்குதுன்னு மட்டும் நினைச்சுட்டீங்க. செயினும் மோட்டார இழுக்குமுங்களே."

அவ்வளவுதான் விஷயம். நான் ஒரு வாரமாக வயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் 5 மி.மீ. பட்டையில் புதுப் பிடி வெட்டி, அச்சுக்கும் மோட்டாருக்கும் நடுவில் குறுக்குக் கம்பி ஒன்று வைத்து வெல்டு செய்தார். செயினை இழுத்துவிட வசதியாகப் போல்ட் ஓட்டையை நீளவாக்கில் அறுத்தும் கொடுத்தார். வாங்கிக்கொண்டது மோட்டார் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

ஜனவரி 19, ஞாயிறு

அடிவாரம் போய்த் திரும்பிவிட்டேன், மேட்டில் கொஞ்சம் மிதித்துக் கொடுத்து. செயின் கழலவில்லை.

மோட்டாரில் 9 பல், ஃப்ரீவீலில் 18. நிமிஷத்துக்கு மோட்டாரின் 300 சுற்று சக்கரத்தில் 150 ஆகிறது. ஒரு சுற்றுக்கு 2.2 மீட்டர், ஆக மணிக்கு 20 கிலோமீட்டர் வருகிறது. ஃப்ரீவீலில் 16 பல் போட்டால் 22 வரும். வேண்டாம். 25-ஐத் தொட்டால் சட்டப்படி அது மோட்டார் வண்டி, லைசென்ஸ், நம்பர் பிளேட் எல்லாம் வேண்டும். அதைவிட, இறக்கத்தில் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தும் வண்டி ஆற அமரத்தான் நின்றது. பேட்டரி மட்டுமே ஏழெட்டு கிலோ. நாளைக்கு நாலு பிரேக் கட்டையும் மாற்ற வேண்டும்.

சாயங்காலம் அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு டீ குடிக்கப் போனார். சாவி என் சட்டைப் பையிலேயே இருந்தது.