பூநாரைகளும் ரா கோப்புகளும்: மொத்தமாக ஜேபெக் ஆக்கிய கதை

ஆரம்பாக்கத்தில் ஒரு பள்ளியில் பழவேற்காடு ஏரிப் பறவைகளின் படக் கண்காட்சி வைப்பது என்று முடிவானதும், படங்களைத் திரட்டி பிரிண்டுக்குத் தயார் செய்யும் வேலை என்னிடம் வந்தது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரப் பக்கம் இருக்கிறது. அதனால் தடா, சூலூர்பேட்டை நண்பர்கள் நேலப்பட்டு சரணாலயத்திலும் ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலையிலும் எடுத்த படங்கள்தான் அதிகம் வந்தன. சுண்ணாம்புக்குளம், பழவேற்காடு பக்கம் எடுத்தவை எங்களுடையவை. எல்லாமே ரா கோப்புகள், அதாவது கேமரா சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்புகள். நிக்கானின் என்.இ.எஃப், கேனனின் சி.ஆர்.2, சி.ஆர்.3, சோனியின் ஏ.ஆர்.டபிள்யூ என்று நாலு வகையும் கலந்து கிடந்தன. பிரிண்ட் போடும் லேப்புக்கு வேண்டியது ஜேபெக்.

ஃபோல்டரைக் கொடுத்து ஒரு பட்டனைத் தட்டினால் எல்லாவற்றையும் ஜேபெக் ஆக்கித் தரும் மென்பொருள்கள் நிறைய உண்டு. பறவைப் படங்களுக்கு அந்த வழி வேண்டாம் என்றுதான் சொல்வேன். ரா கோப்பில் இருப்பது இன்னும் படமாகாத சரக்கு. கேமரா சென்சாரில் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றில் ஒன்றை மட்டும்தான் பதிவு செய்யும். கோடாக்கில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் 1976-ல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது: பாதிப் புள்ளிகள் பச்சைக்கு, கால் பங்கு சிவப்புக்கு, கால் பங்கு நீலத்துக்கு. மீதி நிறத்தைப் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து மென்பொருள்தான் கணக்குப் போட்டு நிரப்புகிறது. ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகத் தெரிய நிறத்தைச் சமன் செய்வது), வெளிச்சம், கான்ட்ராஸ்ட் எல்லாம் முடிவாவதும் அப்போதுதான். 14 பிட் ரா கோப்பில் ஒரு நிறத்துக்கு 16,384 படிகள், ஜேபெக்கில் 256. கூழைக்கடாவின் வெள்ளை இறகில் இருக்கும் மெல்லிய கோடுகள் நிற்பதும் போவதும் இந்த இறக்கத்தில்தான்.

முதல் வேலை தேறாத படங்களைக் கழிப்பது. அதற்கு ரா கோப்பைத் திறக்கவே தேவையில்லை. ஒவ்வொன்றுக்குள்ளும் கேமரா தானே செய்த ஒரு ஜேபெக் மாதிரி ஒளிந்திருக்கும். கேமரா திரையில் நாம் பார்ப்பது அதைத்தான். எக்ஸிஃப்டூல் என்ற இலவசக் கருவி அதை மட்டும் உருவித் தந்துவிடும். என் பழைய லேப்டாப்பில் ராவைத் திறந்து பார்ப்பதை விட இது எவ்வளவோ வேகம். மங்கலானவை, முதுகு காட்டியவை, ஒரே காட்சியை அடுக்கடுக்காக எடுத்தவை எல்லாம் இந்தக் கட்டத்திலேயே போயின.

அடுத்தது பெயர்ச் சிக்கல். இரண்டு நிக்கான் கேமராக்கள் ஒரே வரிசை எண்ணில் கோப்புகளை உருவாக்கியிருந்தன. ஒரே ஃபோல்டரில் போட்டால் ஒன்று மற்றதன் மேல் ஏறிக்கொள்ளும். எடுத்த தேதி, நேரம், கேமரா பெயர் மூன்றையும் முன்னால் சேர்த்துப் பெயர் மாற்ற எக்ஸிஃப்டூலே போதும். ஆனால் கேமராக் கடிகாரங்கள் சரியாக இருக்க வேண்டுமே! சோனியும் ஒரு நிக்கானும் வேறு வேறு நேரம் காட்டின. நல்ல வேளையாக, ஸ்ரீஹரிகோட்டா சாலையோரம் பூநாரைக் கூட்டம் ஒன்று மொத்தமாக எழும்பிய நொடி இரண்டிலும் பதிவாகியிருந்தது. முன்னால் ஓடும் பறவை ஒரு காலைத் தண்ணீரில் ஊன்றியிருக்கிறது, அடுத்தது சிறகை முழுக்க விரித்துவிட்டது. இரண்டு படத்திலும் அதே நிலை. அந்த ஜோடியை வைத்து நேர வித்தியாசத்தைக் கண்டுபிடித்து, சோனி படங்கள் எல்லாவற்றையும் ஒரே வீச்சில் நகர்த்தினேன்.

சி.ஆர்.3 கோப்புகளை என்னிடம் இருந்த பழைய பதிப்பு மென்பொருள் திறக்கவில்லை. கேனன் 2018-ல்தான் அந்த வகையைக் கொண்டுவந்தது, அதற்கு முந்தைய மென்பொருள்களுக்கு அது தெரியாது. இதற்குக் கைகொடுப்பது அடோபியின் டி.என்.ஜி. கன்வெர்ட்டர், இலவசம். டி.என்.ஜி. என்பது அடோபி உருவாக்கிய பொதுவான ரா வகை. ஃபோல்டரைக் காட்டினால் உள் ஃபோல்டர்களோடு சேர்த்து எல்லாவற்றையும் டி.என்.ஜி. ஆக்கும். அதுவும் ரா தான், தகவல் படிகள் குறைவதில்லை. மூலக் கோப்பை மட்டும் அழிக்காதீர்கள்.

பிறகு ராதெரபி, ரா கோப்பைத் திருத்திப் படமாக்கும் மென்பொருள். இதுவும் இலவசம்தான், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். இங்கேதான் அதிக நேரம் செலவிட்டேன், செலவிட வேண்டிய இடமும் இதுதான். படங்களைக் கேமரா வாரியாகவோ தேதி வாரியாகவோ பிரிக்காமல் வெளிச்சம் வாரியாகப் பிரித்தேன். ஏரியில் விடிகாலை, சாலையில் உச்சி வெயில், நேலப்பட்டில் மர நிழல், மாலை, மேகமூட்டம் என்று ஐந்து கட்டுகள். ஒவ்வொரு கட்டிலும் ஒரே ஒரு படத்தை எடுத்து ஒயிட் பேலன்ஸ், வெளிச்சம், வெள்ளையில் விவரம் மீட்பது எல்லாம் பொறுமையாகச் சரிசெய்வேன். கண்ட்ரோல் சி தட்டினால் அந்த அமைப்பு நகலாகும். அந்தக் கட்டில் உள்ள மற்ற படங்களைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல் வி தட்டினால் எல்லாவற்றுக்கும் ஏறும். கேமராவுக்குக் கேமரா நிறம் கொஞ்சம் மாறும் என்பதால், ஒரே கட்டுக்குள்ளும் கேனனுக்குத் தனி, நிக்கானுக்குத் தனி என்று வைத்தேன். விடிகாலைப் படங்களுக்கு ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் கூடவே கூடாது. சூரியன் தந்த பொன்னிறத்தை அது கறை என்று எண்ணித் துடைத்துவிடும். ஒயிட் பேலன்ஸ் அளவை 5,200 கெல்வின் பக்கம் நிறுத்திவிட்டு அங்கிருந்து கண்ணால் பார்த்து நகர்த்துவது நல்லது. நேலப்பட்டில் இதற்கு நேர்மாறு: இலை வழியே இறங்கிய பச்சை நத்தைகுத்தி நாரையின் வெள்ளை மேல் படிந்திருந்தது, அதை எடுத்தே ஆக வேண்டியிருந்தது.

மொத்தமாக ஓட்டுவதற்கு முன் ஒவ்வொரு கட்டிலிருந்தும் சிலவற்றைச் சின்ன அளவில் பிரிண்ட் போட்டு, ஏரியில் காலமெல்லாம் மீன்பிடித்த ஒரு பெரியவரிடம் காட்டினோம். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தவர் ஒரு பூநாரைப் படத்தில் விரலை வைத்தார். "இது குஞ்சுப்பா. இந்த வயசுல சாம்பலாத்தான் இருக்கும். இதுக்கு ஏன் செவப்பு ஏத்திக்கீறீங்க?" அவர் சொன்னது முழுக்கச் சரி. பூநாரைக்கு இளஞ்சிவப்பு நிறம் அது தின்னும் இரையிலிருந்து வருவது, ஏறுவதற்குச் சில வருஷம் ஆகும். வளர்ந்த பறவைக்குப் பொருந்திய காலை வெளிச்ச அமைப்பு, அதே கூட்டத்தில் தள்ளி நின்ற இளம் பறவையையும் சிவக்க வைத்திருந்தது. பிள்ளைகள் பார்த்து அடையாளம் படிக்கப்போகிற படம் அது. இளம் பறவைகள் உள்ள படங்களையெல்லாம் தனிக் கட்டாக்கி, நிறச் செறிவைக் குறைத்து, இறகின் சாம்பல் சாம்பலாகவே தெரியும் வரை திருத்தினேன். கணினித் திரை முன் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தாலும் எனக்கு அது தெரிந்திருக்காது.

அதன் பின் வேலை சுலபம். தேர்ந்த படங்களைக் கண்ட்ரோல் பி (B) தட்டி வரிசையில் சேர்த்து, எந்த ஃபோல்டர், எந்த வகை, என்ன தரம் என்று சொல்லி ஓடவிட வேண்டியதுதான். ஜேபெக் தரம் 95 வைத்தேன். நிறவெளி, அதாவது படத்தில் வரக்கூடிய நிறங்களின் எல்லை, எஸ்.ஆர்.ஜி.பி. என்று வைத்தேன். அதைவிட விரிந்த அடோபி ஆர்.ஜி.பி.யில் கொடுத்தால், அதைக் கவனிக்காத லேப்பில் படம் வெளுத்து வரும். நம் ஊர் லேப்புகளுக்கு எஸ்.ஆர்.ஜி.பி.தான் பத்திரம். 12-க்கு 18 அங்குலப் பிரிண்டுக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 3,600-க்கு 5,400 புள்ளிகள் வேண்டும். 24 மெகாபிக்சல் கேமரா அதைத் தாராளமாகத் தருகிறது. எல்லாவற்றையும் 16 பிட் டிஃப் (ஜேபெக்கை விட அதிக விவரம் தாங்கும் பட வகை) ஆக்கலாமே என்று சூலூர்பேட்டை நண்பர் கேட்டார். சுருக்காமல் வைத்தால் அப்படி ஒரு படம் மட்டும் 144 எம்.பி. பிடிக்கும். வாசலில் மாட்டப்போகும் பெரிய படங்களுக்கு மட்டும் டிஃப் எடுத்தோம்.

நடுவில் கரண்ட் போனாலும் பயமில்லை. ராதெரபி வரிசையை டிஸ்க்கில் சேமித்து வைத்திருப்பதால், திரும்பத் திறந்ததும் மிச்சம் இருந்த படங்கள் அப்படியே காத்திருந்தன. கடைசியாக ஒன்று: ஒவ்வொரு ரா கோப்பின் பக்கத்திலும் பி.பி.3 (pp3) என்று முடியும் ஒரு குட்டிக் கோப்பு உருவாகும். நாம் செய்த திருத்தம் முழுக்க அதில்தான் இருக்கிறது, சில கே.பி. தான் பிடிக்கும். ராவோடு அதையும் சேர்த்து இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து, ஒன்றை இங்கே வைத்துக்கொண்டு மற்றதைச் சூலூர்பேட்டைக்குக் கொடுத்துவிட்டேன்.