வாய் மட்டும் பட்டாளம்

கொழும்பில் 101 பஸ்ஸில் இரத்மலானையைக் கடக்கிற எங்கட ஆக்களுக்குக் கொத்தலாவல எண்டால் அங்கே இருக்கிற பாதுகாப்புப் பல்கலைக்கழகம்தான். அது நிற்கிற கண்டவல வளவு, இலங்கையின் பிரதமராக இருந்த சேர் ஜோன் கொத்தலாவலயின் சொந்த வீடாக இருந்தது எனக்கு அப்பப்பா சொல்லித்தான் தெரியும். அவருக்கு அந்த மனிசனில் மதிப்பும் இருந்தது, சாகும்வரை ஆறாத கோபமும் இருந்தது.

சேர் ஜோன் 1922இல் இலங்கை இலகு காலாட்படையில் இரண்டாம் லெப்டினன்டாகச் சேர்ந்து கேணல்வரை உயர்ந்தவர். போர்முனை கண்ட கேணல் எண்டு நினைக்க வேண்டாம். அது தொண்டர் படை. காரீயச் சுரங்கமும் தோட்டமும் வைத்திருந்த இவரைப் போன்ற பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்குச் சீருடை ஒரு அந்தஸ்து. 1931இல் வெள்ளைக்காரர் கொண்டுவந்த டொனமூர் யாப்பு எல்லாருக்கும் வாக்குரிமை கொடுத்தபோது குருநாகலிலிருந்து அரசாங்க சபைக்கு, அந்தக் காலத்துப் பாராளுமன்றத்துக்கு, வந்தார். சபை கூடியது காலிமுகத்திடலில், இப்போது ஜனாதிபதி செயலகம் இருக்கிற கட்டடத்தில். 1936இல் போக்குவரத்து, மராமத்து அமைச்சர்.

அப்பப்பாவின் மதிப்பு இங்கேதான் தொடங்குது. 1947 டிசம்பர் 10இல், சேர் ஜோன் அமைச்சராக இருக்கத் தொடங்கின எயார் சிலோன் விமானசேவையின் முதல் டகோட்டா, 'சீதா தேவி', இரத்மலானையில் கிளம்பி, யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறையில் இறங்கி, மதராஸ் போனது. மெயில் றெயினில் விடிய விடியக் குந்தியிருந்து ஊருக்குப் போன கிளாக்கர் அப்பப்பா. பிளேனில் ஏறக் காசில்லை. ஆனாலும் அதைப் பற்றிப் பேசும்போது தானே ஓட்டிக்கொண்டு போனவர் மாதிரித்தான் பேசுவார்.

1953இல் பிரதமர். 1955இல் பாண்டுங் மாநாட்டில், கிழக்கு ஐரோப்பாவை ரஷ்யா பிடித்து வைத்திருப்பதும் காலனித்துவம்தானே எண்டு கேட்டு நேருவுக்கே எரிச்சலூட்டினார். பேச்சை முன்கூட்டிக் காட்டியிருக்கலாமே எண்டு நேரு சொல்ல, உங்கட பேச்சை நீங்கள் எனக்குக் காட்டினீங்களா எண்டு திருப்பிக் கேட்டாராம். அந்தத் துணிவு எனக்கும் பிடிக்கும்.

ஆனால் வீட்டுக்குள்ளே? பிரதமராக யாழ்ப்பாணம் போனபோது கொக்குவில் இந்துக் கல்லூரி வரவேற்பில், சிங்களத்துக்கும் தமிழுக்கும் சம அந்தஸ்துக் கொடுத்து யாப்பைத் திருத்துவன் எண்டு வாக்குக் கொடுத்தார். லீவில் நின்ற அப்பப்பா பின்னால் ஒரு வாங்கில் ஏறி நின்று கேட்டவர். கை தட்டின தட்டில் வாங்கு ஆடி, பக்கத்தில் நின்றவரின் தோளைப் பிடித்துக்கொண்டாராம்.

தெற்கில் எதிர்ப்புக் கிளம்பினது. 1956 பெப்ரவரியில், களனியில் கூடிய அவரின் ஐக்கிய தேசியக் கட்சி மாநாடு ஆட்சிமொழி சிங்களம் மட்டும் எண்டு முடிவெடுத்தது. நேருவுக்கு முன்னால் மடங்காத ஆள் தன் கட்சிக்காரருக்கு முன்னால் மடங்கினார். வோட்டாவது மிஞ்சியதா எண்டால், அதுவும் இல்லை: ஏப்ரல் தேர்தலில் 95 ஆசனத்தில் எட்டு. சிங்களம் மட்டும் எண்டே கேட்ட பண்டாரநாயக்க அணிக்கு 51.

அதுக்குப் பிறகு அரசாங்க உத்தியோகத்துக்குச் சிங்களச் சோதினை வந்தது. அப்பம்மா சொல்லுவா: அடுப்படி மேசையில், அப்பாவின்ர பள்ளிக்கூடக் கொப்பியின் கடைசித் தாள்களில், அப்பப்பா 'அயன்ன, ஆயன்ன' எழுதிப் பழகினவராம். அப்பா பக்கத்தில் இருந்து பிழை பிடிப்பாராம்.

சேர் ஜோன் 1980 ஒக்டோபரில் காலமானார். ஜெனரல் பட்டமும் கிடைத்தது, வீடும் படை அதிகாரிகளைப் பயிற்றப் போனது. அப்பப்பாவின் தீர்ப்பு மட்டும் மாறவில்லை: "வாய் மட்டும்தான் பட்டாளம்."

சிங்களம் மட்டும் சட்டத்தைக் கொண்டுவந்தது பண்டாரநாயக்கதானே, அவரை ஏன் நீங்கள் திட்டுறதில்லை எண்டு ஒருநாள் கேட்டன்.

"அந்தாள் கொக்குவிலுக்கு வந்து எனக்கு ஒண்டும் தாறன் எண்டு சொல்லேல்லையே" எண்டார்.