கொம்பு உடைந்த வேலும் 14 மஞ்சள் டி-ஷர்ட்டும்

2023 தைப்பூசத்துக்கு எங்கள் குடும்பத்தில் 14 பேரும் ஒரே மாதிரி மஞ்சள் டி-ஷர்ட் போட்டுக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இருக்கும் கிளேர்வுட் கோயிலுக்குப் போவது என்று முடிவானது. நெஞ்சில் தமிழில் 'வேல் வேல்'. அவ்வளவுதான், அதற்குமேல் ஒன்றுமில்லை. டர்பனில் ஒரு கடையில் அச்சடிக்கக் கொடுத்தோம் (பெயர் வேண்டாம், பாவம்). மாதிரிக்கு அடித்துத் தந்ததைப் பார்த்தால் வ முன்னால் தனியாக நிற்கிறது, கொம்பு அதற்குப் பின்னால் போய் நிற்கிறது, கொம்புக்குப் பக்கத்தில் யாரும் கேட்காத ஒரு புள்ளி வட்டம் வேறு. கடைப் பையனிடம் காட்டினேன். "அது டிசைன் இல்லையா ஆன்ட்டி?" என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, எங்கள் வீட்டிலேயே அதைப் பார்த்துத் தப்பு என்று சொல்லக்கூடியவர்கள் இரண்டே பேர்தான்.

ஏன் அப்படி ஆகிறது என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். நம் கண்ணுக்குக் கொம்பு முன்னால் இருந்தாலும் கணினி முதலில் வ-வையும் பிறகுதான் கொம்பையும் சேமித்து வைக்கிறது. திரையில் காட்டும்போது அதை முன்னால் நகர்த்துவது மென்பொருளின் வேலை, அந்த வேலை தெரியாத டிசைன் மென்பொருளில் சேமித்த வரிசையிலேயே விழுந்துவிடும். எழுத்தாக அனுப்பாமல் படமாக மாற்றி அனுப்பியிருந்தால் பிரச்சினையே வந்திருக்காது. ஆனால் அதற்குள் எனக்குக் கோபம் வந்து, நானே வீட்டில் போடுகிறேன் என்று எல்லாரிடமும் சொல்லித் தொலைத்துவிட்டேன்.

முதலில், சாயம் ஒற்றுவதற்கு எழுத்தை அட்டையில் வெட்டிப் பார்த்தேன். தமிழ் எழுத்துக்கு அட்டை சரிப்படாது. வ, ல, க எல்லாவற்றிலும் உள்ளே ஒரு சுழி மூடிக்கொண்டிருக்கிறது, வெட்டினதும் அந்த நடுத்துண்டு கீழே விழுந்துவிடும், அதைப் பிடித்து நிறுத்த ஒரு பாலம் விட்டால் எழுத்தே வேறு மாதிரி ஆகிவிடும். ட, ப, ர மட்டும் வைத்து ஒரு முருகன் நாமம் இருந்தால் எவ்வளவு வசதி! கடைசியில் கை கொடுத்தது பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்துக்கு ஜனவரியில் போடுகிற ஒட்டும் பிளாஸ்டிக். எழுத்தை அச்செடுத்து அதன்மேல் வைத்து பிளேடால் வெட்டி, டி-ஷர்ட்டில் ஒட்டிவிட்டு, விழுந்த சுழித்துண்டை எடுத்து அதன் இடத்தில் தனியாக ஒட்டிவிடலாம். பாலமே தேவையில்லை.

துணி முழுப் பருத்தியாக இருக்கட்டும். புது டி-ஷர்ட்டை ஒரு முறை துவைத்துக் காயவைத்த பிறகுதான் சாயத்தைத் தொட வேண்டும், கடையிலிருந்து வரும் பூச்சு போகாமல் சாயம் உள்ளே இறங்காது. துவைக்கும்போது துணி மிருதுவாக்கும் திரவம் வேண்டாம், அதுவும் அதே தடங்கலைத்தான் செய்யும். உள்ளே ஒரு அட்டை வையுங்கள், நான் வீட்பிக்ஸ் பெட்டியைப் பிரித்து வைத்தேன். இல்லாவிட்டால் முன்பக்க வேல் முதுகிலும் தெரியும். துணிச் சாயத்தை ஸ்பாஞ்சில் கொஞ்சமாகத் தொட்டு, ஓரத்திலிருந்து உள்பக்கமாக ஒற்ற வேண்டும், இழுக்கக் கூடாது, இழுத்தால் பிளாஸ்டிக்குக்கு அடியில் போய்விடும். தடியாக ஒரு பூச்சைவிட மெல்லியதாக இரண்டு பூச்சு மேல். சாதாரண அக்ரிலிக் பெயின்டை அப்படியே பூசினால் காய்ந்ததும் நெஞ்சில் அப்பளம் ஒட்டிய மாதிரி விறைத்து நிற்கும், அதில் கலப்பதற்கென்றே துணிக்கான ஒரு திரவம் விற்கிறார்கள், அதைக் கலந்துகொள்ளலாம்.

காய்ந்த பிறகு சூடு காட்டினால்தான் சாயம் நிற்கும். மேலே ஒரு மெல்லிய துணி போட்டு, ஆவி இல்லாமல், ஒவ்வொன்றுக்கும் மூன்று நான்கு நிமிடம் இஸ்திரி. காய்வதே பெரும்பாடு, ஏனென்றால் தைப்பூச சமயத்து டர்பன் ஈரப்பதம் எப்படியென்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டாம். ஆயா (என் பாட்டி) பக்கத்தில் உட்கார்ந்து கடிகாரம் பார்த்து "போதும், எடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒன்பதாவது டி-ஷர்ட்டில் லோட் ஷெடிங், அதாவது முறைவைத்து விடுகிற மின்வெட்டு. அது நீங்களும் நானும் அட்டவணையைப் பார்த்துப் பார்த்துச் சோறு வடித்த காலம். இரண்டு மணி நேரம் மெழுகுவத்தி வெளிச்சத்தில், கிளேர்வுட்டில் அவர் பிறந்து வளர்ந்த வீட்டிலிருந்து டர்பனின் இன்னொரு பகுதியான சாட்ஸ்வர்த்துக்கு வந்த கதையை ஆயா மறுபடியும் சொன்னார். மிச்சம் ஐந்தை மறுநாள் முடித்தேன்.

அடுத்த வருஷம் கறுப்பு டி-ஷர்ட்டில் ஜிக் (துணி வெளுக்கிற பிளீச் திரவம்) வைத்துக் கோலம் போட்டேன். இதில் நிறம் ஏற்றுவதில்லை, இருக்கிற நிறத்தை எடுக்கிறோம். வெள்ளை வரும் என்று நினைக்காதீர்கள், கறுப்பு பெரும்பாலும் துருப்பிடித்த ஆரஞ்சாகத்தான் மாறும், எனவே கீழ் மடிப்பின் உள்பக்கம் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிடுங்கள். பாலியெஸ்டரில் ஒன்றும் நடக்காது. ஜன்னலைத் திறந்து, கையுறை போட்டு, நைலான் பிரஷ்ஷில் போடுங்கள், முடி பிரஷ்ஷை ஜிக் தின்றுவிடும். வேண்டிய நிறம் வந்ததும் உடனே அலசுங்கள், விட்டுவைத்தால் நூலே இற்றுப்போகும். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: ஜிக்கை நிறுத்த வினிகர் ஊற்று என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், அது விஷம். நிறைய தண்ணீரில் அலசிவிட்டு, மருந்துக் கடையில் கிடைக்கிற ஹைட்ரஜன் பெராக்சைடைத் தண்ணீரில் கலந்து சிறிது நேரம் ஊறவைத்தால் போதும்.

இப்போது டி-ஷர்ட்டில் ஷ்வேஷ்வே என்கிற அச்சுப் பருத்தித் துணியில் பை (பாக்கெட்) வைத்துத் தைக்கிற ஆசை வந்திருக்கிறது. பின்பக்கம் மூன்று பூனை முத்திரை போட்ட அந்த நீலத் துணி புதிதில் கஞ்சியில் விறைத்திருக்கும், துவைத்தால் சுருங்கும், அதனால் முதலில் துவைத்துவிட்டு வெட்டுங்கள். டி-ஷர்ட் இழுபடும், ஷ்வேஷ்வே இழுபடாது. அடியில் ஒரு தாள் வைத்துத் தைக்காவிட்டால் பை கோணிக்கொள்ளும், எனக்கு ஏற்கனவே ஒன்று கோணிவிட்டது.

அந்த 14-இல் ஒன்று மட்டும் என் சாயம் இல்லை. என் தம்பி தன் மகனுக்கு இஸ்திரியில் ஒட்டும் தாளில் அச்செடுத்துத் தானே ஒட்டினான், எழுத்தைத் திருப்பிப்போட மறந்துவிட்டான். கோயிலுக்குப் போகும் வழியில் கார் கண்ணாடியில் பார்க்கிறேன், பின் சீட்டில் எல்லார் நெஞ்சிலும் வேல் இடம் வலமாகத் திரும்பி இருக்க, தம்பி மகன் நெஞ்சில் மட்டும் சரியாக இருக்கிறது. கூட்டத்தில் ஒருவர்கூடக் கவனிக்கவில்லை. இன்றைக்கும் அந்தப் பையன் அதைப் போட்டுக்கொண்டுதான் கிரிக்கெட் ஆடுகிறான். தாள் மட்டும் மடிப்புக்கு மடிப்பு வெடித்து உதிர ஆரம்பித்திருக்கிறது.